வெள்ளிப் பல்வரிசை

தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் பெத்துராஜுக்கு ராத்திரி மாட்டிக்கொள்ள ரப்பர் உறை செய்து கொடுத்திருந்தார் பல் டாக்டர் தேவசகாயம். ஒரு மாதம் கழித்து அதைச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கடித்தடம்கூட இல்லை.

“அண்ணாச்சி, கடிக்கதையே விட்டுட்டீயளே! இனி தேஞ்ச பல்லுக்கெல்லாம் தைரியமாத் தங்கம் கட்டலாம்.”

பெத்துராஜின் பெண்டாட்டி சீனியம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கல்யாணமான நாளிலிருந்து புருஷனின் நறநறப்பில் தூக்கம் தொலைத்தவள் அவள். உறை வந்த அன்றே கோமதி அம்மனுக்கு நேர்ந்துகொண்டு, பல்வரிசை அடித்த வெள்ளித்தகடு வாங்கிச் சாமி படத்தடியில் வைத்திருந்தாள்.

தங்கம் கட்டி முடித்த அன்று புருஷனையும் இழுத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினாள். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் முண்டியடித்து, உண்டியல் முன்னால் நின்று மஞ்சள் துணியைப் பிரித்தாள். வாங்கும்போது கூர்கூராக இருந்த வெள்ளிப் பற்கள் பாதிக்குமேல் தேய்ந்து மழுங்கியிருந்தன.

“ஏங்க, இதைப் பாருங்களேன்!”

“மட்ட வெள்ளியா இருக்கும். போடுட்டி. எனக்கு இப்பவே முறுக்குத் திங்கணும்!”

போட்டாள். தகடு உள்ளே விழுந்து கிணுங்கியது. நாலு எட்டு நடந்திருப்பாள், அதே நறநறப்பு கேட்டது. பதறிப் புருஷனைப் பார்த்தாள். அவன் தங்கப் பற்கள் மின்ன, வாயை அகலத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

சத்தம் உண்டியலுக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.