மூன்றாம் மாடியில் அசைவு இல்லை

அன்று மூன்றாம் மாடிப் பதிவறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். தலைமை அதிகாரி, மின்சார எஞ்சினியர், குறிப்பெடுக்க வந்த டைப்பிஸ்ட் அம்மா, விசாரணைக்கு உள்ளான என் தம்பி, நான். வெளியே இதை வேறு விதமாகச் சொல்லித் திரிகிறவர்கள் யாரும் அங்கே இல்லை.

தம்பியின் சஸ்பென்ஷன் ஆர்டர் டைப் செய்யப்பட்டு மேஜை மேல் தயாராக இருந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

மூன்று தலைமுறையாக உத்தியோகம் பார்க்கும் குடும்பம் எங்களுடையது. வேலை நேரத்தில் தூங்கினான் என்ற பெயரை எங்களில் யாரும் வாங்கியதில்லை. நானே அதே கட்டடத்தில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். அந்த மரியாதைக்காகத்தான் என்னை உள்ளே விட்டார்கள்.

"கட்டடம் முழுக்க இப்போ ஒரே சிஸ்டம்தாங்கய்யா," என்றார் எஞ்சினியர், கூரையில் ஒட்டியிருந்த வெள்ளைக் குமிழைக் காட்டி. "லைட்டு, ஏசி, லிஃப்ட், மாடியில இருக்கிற சோலார், எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும். ரூம்ல ஆள் அசைஞ்சா லைட் எரியும். பத்து நிமிஷம் அசைவே இல்லன்னா தானா அணைச்சிடும்."

"நல்லதுதானே. அதுக்கும் என் தம்பிக்கும் என்ன?"

"பத்து மணிக்குக் கார்டு வச்சு உள்ள வர்றார். பத்தரைக்கு இந்த ரூம்ல லைட் அணையுது. மறுபடி எரியிறது சாயங்காலம் நாலு மணிக்கு. மூணு மாசமா தினமும் இதே கதை." ஒரு தாளை நீட்டினார். "மனுசன் உள்ளதான் இருக்கார். ஆனா அசைவு இல்ல. அப்போ என்ன அர்த்தம்?"

"தூக்கம்," என்றார் தலைமை அதிகாரி. டைப்பிஸ்ட் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அதையும் எழுதிக்கொண்டார்.

தம்பி வாய் திறந்தது ஒரே ஒரு முறை. "சார், நம்ம மாடி சோலார் பலகையெல்லாம் சாய்வு சரியில்ல. பாதி வெயில் வீணாப் போகுது."

முழங்கையால் ஒரு இடி இடித்தேன். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பொது அறிவு கொஞ்சம் அதிகம். எந்த இடத்தில் எதைப் பேசுவது என்பதுதான் தெரியாது.

"சார், என் தம்பி பகல்ல தூங்க மாட்டான்," என்று எழுந்து நின்றேன். "எங்க வீட்டுல யாருமே தூங்க மாட்டோம். ஒரு இடத்துல உக்காந்தா ஆடாம அசையாம உக்காருவோம். அது எங்க வளர்ப்பு. இந்தக் குமிழுக்கு அது எப்படித் தெரியும்?"

"அதெப்படிங்கய்யா, ஒரு மனுசன் அஞ்சரை மணி நேரம்..."

"எல்லாரும் கொஞ்சம் வெளியே நில்லுங்க."

நால்வரும் வராந்தாவுக்குப் போய்க் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தார்கள். நான் தம்பியின் நாற்காலியில் அமர்ந்து, ஒரு பழைய கோப்பைப் பிரித்து, முதல் பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தேன். முதுகு நாற்காலியில் சாயவில்லை. மூக்கு நுனியில் ஒரு ஈ வந்து உட்கார்ந்து, சலித்துப் போய் அதுவே எழுந்து போனது.

பத்தாவது நிமிடம் விளக்கு அணைந்தது. ஏசி பெருமூச்சு விட்டு நின்றது. வெளியே எஞ்சினியரின் டேப்லெட்டில் 'அறை காலி' என்று வந்ததாம்.

கதவைத் திறந்துகொண்டு வந்தார்கள். விளக்கு எரிந்தது.

"நான் தூங்கினேனா, சார்?"

தலைமை அதிகாரி கூரைக் குமிழை ஒரு முறை அண்ணாந்து பார்த்தார். எஞ்சினியர் பக்கம் திரும்பி, "மூணு மாசத்துல கரண்ட் கம்மியா செலவான ரூம் எது?" என்றார்.

எஞ்சினியர் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "இந்த ரூம்தான் சார். கட்டடத்துலயே முதல் இடம்."

தலைமை அதிகாரி தம்பியை ஏற இறங்கப் பார்த்தார். "லைட் இல்லாம, ஏசி இல்லாம, இருட்டுல புழுங்கிக்கிட்டு ஃபைல் பாத்திருக்கீங்க. முகமெல்லாம் கறுத்துப் போச்சே! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அடக்கமும் எங்கள் வளர்ப்புதான்.

ஆர்டர் நாலாகக் கிழிந்து கூடைக்குப் போனது. அதே மேஜையில், அதே டைப்பிஸ்ட் அம்மாவைக் கொண்டு, மின்சாரச் சிக்கனத்துக்கான பாராட்டுக் கடிதம் எழுதப்பட்டது. எஞ்சினியரும் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டார். இப்போது அது எங்கள் கூடத்தில், வருகிறவர்கள் கண்ணில் படும்படி, சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது.

இதற்குப் பிறகும் ஊர் வாய் அடங்கவில்லை. நேற்று எதிர் வீட்டுக்காரர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று, "என்னங்க, உங்க தம்பி மூணு மாசம் தூங்கியே பாராட்டு வாங்கினாராமே?" என்றார்.

விசாரணையில் நான் சொன்னது ஒவ்வொரு சொல்லும் உண்மை. குடும்பப் பெயர் விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதுமில்லை. தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்:

"தூங்கினானா? பத்தரைலேர்ந்து நாலு மணி வரைக்கும் ஊரார் மொட்டை மாடியில சோலார் மாட்டிக்கிட்டிருக்கிறவனுக்குத் தூங்க ஏதுய்யா நேரம்?"