லீவு இல்லாத ஆள்

மன்னார்குடியில் தங்கையன் நடத்தும் பாருக்குத் தொழிலாளர் துறை அதிகாரி வித்யாலக்ஷ்மி வந்தபோது, தங்கையனே கல்லாவில் நின்றிருந்தார்.

“இங்க ஒருத்தருக்கு வார லீவே இல்லைன்னு போன்ல புகார் வந்திருக்கு சார்.”

தங்கையனுக்கு முகம் சுண்டிப் போனது. லைசென்ஸுக்கே உலை வைத்துவிடுவார்கள் போலிருக்கிறதே என்று பதறி, எல்லோரையும் கூப்பிட்டார்.

“எனக்குச் செவ்வாக்கிழமை லீவுங்க” என்றார் சமையல்காரர் செல்லக்கண்ணு.

“எனக்கு வியாழக்கிழமை. அறுப்பு சமயத்துல கூடுதலாவும் குடுப்பாரு” என்றான் சப்ளையர் பரிதி.

மற்றவர்களும் அப்படியே சொன்னார்கள்.

“கேட்டீங்களா மேடம்? இவங்க உக்கார ஸ்டூல்கூட வாங்கிப் போட்டிருக்கேன். வேலைய விட்டுப் போன எவனோ வயித்தெரிச்சல்ல சொல்லியிருக்கான். யாருக்கு லீவு இல்லையாம்?”

“காய்ச்சலோடகூட வேலைக்கு வந்தாராம். சொந்த மகளைப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கும் இங்கதான் நின்னாராம்.”

“மேடம், அது நான்தானே!” என்றார் தங்கையன்.

“முதலாளிக்கு லீவு குடுக்கச் சொல்ல சட்டத்துல இடமில்லை சார். போன் பண்ணின உங்க வீட்டம்மாகிட்டயும் அதைத்தான் சொன்னேன். காந்தி ஜெயந்தி மாதிரி பாரை மூடுற நாள்ல மட்டும்தான் மனுஷன் வீட்ல இருக்காருன்னு அழுதாங்க.”