மன்சூரின் விரலளவு

அவனியாபுரம் மரப்பட்டறையில் கரண்ட் போய், இழைப்பு மெஷின் ஓய்ந்து கிடக்கிறது. பட்டறைக்காரர் மன்சூர், தானே செய்த கிதாரை மடியில் வைத்துத் தடித்த கம்பியை மீட்டுகிறார். ஜிர்ரென்று இரைகிறது, கம்பி தாழ்ந்து கழுத்துப் பலகையில் உரசுகிறது. கம்பிகளைத் தளர்த்தி, அவற்றைத் தாங்கும் எலும்புத் துண்டை நெம்பி எடுத்து, அதனடியில் கல்யாணப் பத்திரிகையில் நறுக்கிய கீற்றைச் செருகி, மறுபடி முறுக்குகிறார். தகரக் கூரையின் ஓட்டை வழி இறங்கும் வெயிலில் மரத்தூள் மினுங்குகிறது. மீட்டுகிறார். இந்த முறை நாதம் சுத்தமாக எழுந்து கூரை வரை போகிறது. கச்சேரிகளில் கிதார் வாசிக்கும் முகேஷ் குனிந்து பார்க்கிறான். "கம்பிக்குக் கம்பி எடவெளி ரொம்ப இருக்கேண்ணே. கம்பெனி கிதார்ல இம்புட்டு இருக்காது." மன்சூர் நிமிரவில்லை. "கம்பெனிக்காரன் என் வெரலையா அளந்தான்?" முப்பது வருஷம் உளி பிடித்துத் தடித்த விரல்கள். கடைக் கிதாரில் ஒரு விரலை வைத்தால் இரண்டு கம்பி அமுங்கும். "ஒங்களுக்கு இது வராதுண்ணே" என்று, அவர் கடைக் கிதாரில் பழகிப் பார்த்தபோது சொன்னவன் இதே முகேஷ்தான். இப்போது மூன்று விரல்கள் மூன்று கம்பிகளில் தனித்தனியாக உட்காருகின்றன. ஒரே இழுப்பில் ஆறு கம்பிகளும் ஒன்றையொன்று இடிக்காமல் பேசுகின்றன. முகேஷ் வாயைத் திறப்பதற்குள் கரண்ட் வந்து, இழைப்பு மெஷின் அலறத் தொடங்குகிறது. மன்சூர் எழுந்து போய் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்து, நிதானமாக உட்கார்ந்து, அவனைப் பார்த்தபடியே மறுபடி மீட்டுகிறார்.