ஒட்ட வெட்டிய ஹைட்ரேஞ்சியா

வெயில் எட்டாத மதிலோரத்தில் ஹைட்ரேஞ்சியாச் செடி கரும்பச்சையாகத் தழைத்து நிற்கிறது. ஒரு பூகூட இல்லை. முடிதிருத்துபவர் ஈர மண்ணில் குந்தி, இலை இலையாக விலக்கித் தேடுகிறார். பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மனைவி மகள் வீட்டுக்குப் போன மறுவாரம், செடியில் காய்ந்த பூக்கொத்துகள் பரட்டைத் தலையாகக் கண்ணை உறுத்த, கத்தரியை எடுத்து ஒட்ட வெட்டிவிட்டார். வெட்டினால் வளரத்தானே செய்யும் என்பது நாற்பது வருடத் தொழில் பழக்கம். பழைய தண்டில்தான் பூ வரும் என்று நர்சரிக்காரர் பிறகுதான் சொன்னார். குழாய் வாளிக்குள் சொட்டிக்கொண்டிருக்கிறது. சட்டைப்பையில் செல்போன் அதிர்கிறது. மனைவிதான்.

“செடி பூத்துச்சா?”

“பூத்திருக்கு. கொத்துக் கொத்தா, நீலமா.” இலையில் ஒட்டிய மண்ணைக் கட்டைவிரலால் துடைக்கிறார். “வாடுறதுக்குள்ள ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்.”

மறுமுனையில் கிலுகிலுப்பைச் சத்தம் கேட்கிறது. குழந்தை சிரிக்கிறது. அவளும் சேர்ந்து சிரிக்கிறாள்.

“பூவப் பாக்கவா அவ்ளோ தூரம் வருவாங்க? ஒரு போட்டோ அனுப்புங்க, போதும்.”

பேச்சு முடிந்துவிட்டது. அவர் செல்போனைச் செடிக்கு நேராகத் தூக்கிப் பிடிக்கிறார். திரை முழுக்க இலைகள்.