பட்டம்மாள் சீதனம்

பட்டம்மாளின் கை பாதி வழியில் நின்றது.

பால் பிடித்துக்கொண்டிருந்த நெற்கதிர்களுக்கு நடுவே ஒரு கதிர் மட்டும் ஒரு சாண் உயர்ந்து நின்றது. அதன் ஒவ்வொரு மணியின் நுனியிலும் விரல் நீளத்துக்குச் சிவப்பு வால்.



"இன்னாக்கா, பாம்பா?" பக்கத்துப் பாத்தியில் குனிந்திருந்த செல்லக்கிளி கேட்டாள்.

"இல்லடி. நீ உன் பாத்தியப் பாரு."

சுரங்கம் தோண்டி முடித்த பள்ளத்தை நிரப்பிச் சமப்படுத்தி, மேலே ஒரு முழத்துக்கு வயல் மண் பரப்பி நெல் போட்டிருந்தார்கள். களையெடுக்க ஆறு பெண்கள், கான்ட்ராக்டில். மேற்பார்வைக்கு ஷைனி. வேளாண்மை படித்த பெண், டவுன்ஷிப்பிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள்.

இது எந்த ஊர் மண் என்று வேலைக்கு வந்த முதல் நாளே பட்டம்மாள் அவளிடம் கேட்டிருந்தாள்.

"அது யாருக்கும் தெரியாதுக்கா. பல ஊர் மண்ணு. எங்கெங்கயோ குவிச்சு வெச்சிருந்தத லாரியில கொண்டாந்து கொட்டினாங்க."

பட்டம்மாளின் ஊர் இப்போது வெறும் காற்று. ரோட்டோரம் நின்று எட்டிப் பார்த்தால், ஊர் இருந்த உயரத்தில் கொக்குகள் பறந்து போகும். வெகு ஆழத்தில் நிலக்கரி கறுப்பாகத் தெரியும்.

ஆனால் அங்கே அவர்கள் பயிர் வைத்த முக்கால் காணி வயலின் மண்? அது எங்கேயாவது இருக்கத்தானே வேண்டும். ஒன்பது வருஷமாக எந்த மண்ணை மிதித்தாலும் இந்தக் கேள்வி அவள் காலடியில் வந்து நிற்கும்.

சேத்தியாத்தோப்புப் பக்கம் அவள் பிறந்த வீடு. கல்யாணமான மறு வருஷம் அங்கிருந்து ஒரு மூட்டை விதைநெல் கொண்டுவந்தாள். நல்ல நெல் என்று அவள்தான் அடம்பிடித்து விதைக்கச் சொன்னாள். அதில் கலந்து வந்தது இந்த வால் நெல். கதிர் வரும்வரை நெல்லைப் போலவே நிற்கும். பயிர் முற்றும் முன்னே தான் முற்றி உதிர்ந்துவிடும். அடுத்த வருஷம் இரண்டு மடங்காக வரும்.

ஊரில் வேறு யார் வயலிலும் அது கிடையாது. அதற்கு ஊரே ஒரு பெயர் வைத்தது: பட்டம்மாள் சீதனம்.

"பொறந்த வூட்லேர்ந்து நக கொண்டாரல, இதக் கொண்டாந்தா பாரு," என்று மாமியார் வரப்பில் நின்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்வாள்.

அந்த வெட்கத்தில்தான் பட்டம்மாள் களையெடுக்கக் கற்றாள். நாற்றிலேயே அடித்தண்டின் சிவப்பைக் கண்டுபிடித்தாள். பதினைந்து வருஷம், ஒவ்வொரு போகமும், பிடுங்கினாள். பட்டம்மாள் கை பட்ட வயலில் ஒரு களை நிற்காது என்று பேர் வந்தது. இந்தக் கான்ட்ராக்ட் வேலைகூட அந்தப் பேரால் வந்ததுதான்.

இங்கே அதைத் தேட அவளுக்குத் தோன்றவில்லை.

இரண்டடி தள்ளி இன்னொரு கதிர். அப்புறம் நான்கு. வரப்பு வரை பார்த்தாள். எட்டு அடி அகலத்துக்குச் சிவப்பு வால்கள் வெயிலில் மின்னின. அதற்கு அந்தப் பக்கமும் இல்லை, இந்தப் பக்கமும் இல்லை.

ஒரு லாரி மண்ணின் அகலம்.

மாடி வீட்டை விடப் பெரிய சக்கரம் வந்து ஊரைச் சீவி எடுத்ததை அவள் பார்த்திருக்கிறாள். கோயில், கிணறு, புளியமரம் எல்லாம் போயின. வாயால் ஊதினால் பறந்துவிடும் ஒரு மணி, மண்ணை ஏற்றிப்போகும் பெல்ட்டில் ஓடி, குவியலுக்குள் புதைந்து, ஒன்பது மழை பொறுத்து, முளைத்து நின்றது.

காலை மெல்ல எடுத்து மெல்ல வைத்தாள். சொந்த வயலில் அவள் இப்படி நடந்ததே இல்லை.

வரப்பிலிருந்து ஷைனி கூப்பிட்டாள். "அக்கா, அது என்ன சிவப்பா? விதையில கலப்பு போல. ஒண்ணு விடாம புடுங்கிடுங்க. நாளைக்கு ஆபீசருங்க பார்க்க வராங்க."

"புடுங்கறேங்க."

பட்டம்மாள் குனிந்தாள்.

பிடுங்கிய ஒவ்வொரு செடியோடும் அந்தக் கடைசி வருஷம் வந்தது. ஊரே அறியாத வருஷம்.

நிலத்தை எடுத்துக்கொள்வதாகக் காகிதம் வந்தபோது பயிர் பச்சையாக நின்றது. அறுப்பு முடித்துக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். மண்ணே போகப்போகிறது, இனி எதற்கு என்று, அந்த ஒரு போகம் அவள் களையெடுக்கவில்லை. தினமும் போய் வரப்பில் உட்கார்ந்தாள். சிவப்பு வால்கள் பழுத்ததையும் உதிர்ந்ததையும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தாள்.

பதினைந்து வருஷப் பாடு மண்ணில் ஒரு தடமும் விடவில்லை. கை ஓய்ந்து உட்கார்ந்த அந்த ஒரு போகம்தான் முளைத்திருந்தது.

கட்டு கட்டாக வரப்பில் போட்டாள். கடைசியாக ஒரு செடி. அதன் கதிர் நுனி நன்றாகப் பழுத்திருந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். செல்லக்கிளி முதுகைக் காட்டிக் குனிந்திருந்தாள். ஷைனி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

உள்ளங்கையால் கதிரை அடியிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பில் உருவினாள். மணிகள் சேற்றில் விழுந்தன. அப்புறம்தான் செடியைப் பிடுங்கினாள்.

"முடிஞ்சுதாக்கா? ஒண்ணும் விடலயே?"

"ஒண்ணும் இல்லீங்க. சுத்தம்."

சொல்லிக்கொண்டே, மணிகள் விழுந்த சேற்றில் குதிகாலை அழுத்தி, ஒருமுறை திருப்பினாள்.