உள்ளங்கையில் ஒரு சொட்டு

பூங்கோதை கறி சாப்பிடுவதை விட்டுவிட்டாள். வீட்டில் யாரும் தடுக்கவில்லை. சமைப்பதை மட்டும் விடக்கூடாது என்றார்கள். இன்றும் ஆட்டுக்கறிக் குழம்பில் உப்பில்லை. கணவன் தணிகாசலம் தட்டைத் தள்ளிவிட்டான்.

"உப்பு பாக்க மாட்டியா? உள்ளங்கையில ஒரு சொட்டு விட்டு நக்கினா செத்தா போயிடுவ?"

"நீங்க பாத்துச் சொல்லுங்கன்னு கூப்பிட்டேனே, வந்தீங்களா?"

"அது என் வேலையாடி?"

அவள் சட்டியை மறுபடி அடுப்பில் ஏற்றி, உப்பை அள்ளிப் போட்டாள். குழம்பு தளதளவென்று கொதித்ததும் கரண்டி நிறைய மொண்டு வந்தாள். சோறு ஒட்டாத அவனுடைய இடது கையை இழுத்து, உள்ளங்கையை மேலே திருப்பிப் பிடித்துக்கொண்டாள். கரண்டியில் ஆவி பறந்தது.

"விரலை மடக்காதீங்க," என்றாள். "ஒரு சொட்டுதான்."