தண்ணிப் பக்கமே போகாத பிள்ளை

"கோகுல்னு ஒருத்தர், சென்னையில கடல் ஆராய்ச்சி நிலையத்துல இருக்காரே, அவரை உங்களுக்குத் தெரியுமா?"

கடைக்கு வந்த புது ஆள் இப்படிக் கேட்டதும் சங்கரலிங்கத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கோகுல் அவருடைய ஒரே மகன்.

திருச்சுழி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உரக்கடை வைத்திருப்பவர் சங்கரலிங்கம். ஆளைப் பார்த்தாலே வந்த காரியத்தைச் சொல்லிவிடுவார். வந்தவரின் இஸ்திரி கலையாத சட்டை, காரை நாலு கடை தள்ளி நிறுத்திய பக்குவம், தாழ்ந்த குரல். சந்தேகமே இல்லை, பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறார்.

"நல்லாத் தெரியுமே. நான் அவுகளுக்குப் பக்கத்து வீடுதான்" என்றார் சங்கரலிங்கம், கொஞ்சமும் கூசாமல்.

பெற்ற அப்பன் மகனைப் புகழ்ந்தால் எவன் நம்புவான்? பக்கத்து வீட்டுக்காரன் சொன்னால் அதன் மதிப்பே வேறு. விசாரிக்க வருகிறவர்கள் என்ன விஷயம் என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். நாமும் கேட்கக் கூடாது. இந்தப் பக்கத்தில் அதுதான் மரியாதை.

முப்பத்து மூன்று வயதாகியும் கோகுலுக்கு வரன் அமையவில்லை. எல்லாம் அவன் பார்க்கிற வேலையால் வந்த வினை. ஆழ்கடலின் அடியில் படிந்த சேற்றை எடுத்து, அதில் அரிய மண் தனிமங்கள் எவ்வளவு இருக்கின்றன என்று சோதிக்கிறான். பேட்டரி வண்டி மோட்டாருக்கெல்லாம் அதுதான் வேண்டுமாம். காரியாபட்டிக்காரர்கள், "மண்ணு அள்ளுறவனுக்கா பொண்ணைக் கொடுக்க?" என்று ஏதோ மணல் லாரிக்காரனை நினைத்து ஒதுங்கிவிட்டார்கள். அருப்புக்கோட்டைக்காரர்கள், "மாசக்கணக்குல கப்பல்ல கெடந்தா எங்க பிள்ளை யாரு மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கும்?" என்று கையை விரித்தார்கள். தானாகத் தேடி வந்த இந்த இடத்தையும் விட்டுவிட்டால் பிறகு மகன் பிரம்மச்சாரிதான் என்று சங்கரலிங்கத்துக்கு உள்ளூரப் பயம்.

வந்தவரை உட்கார வைத்தார்.

"பழக்க வழக்கமெல்லாம் எப்படிங்க?"

"சொக்கத் தங்கம். தண்ணிப் பக்கமே போக மாட்டாப்ல."

வந்தவர் லேசாகச் சிரித்தார். "கடல் வேலையில ரொம்ப ஆர்வமாமே?"

வந்துவிட்டது, அருப்புக்கோட்டைக் கேள்வி. சங்கரலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யாரு சொன்னா? ஏதோ சம்பளத்துக்காகப் போறாப்ல. கப்பல்ல ஏறுனாலே தலை சுத்திரும். சீக்கிரமே ஆபீஸ்ல உக்கார்ற வேலைக்கு மாறிருவாப்ல பாருங்க."

"அப்படியா? தனியா இருந்து பழக்கம் உண்டா?"

"தனியாவா? பக்கத்துல ஒரு ஆளு இல்லாட்டி தம்பிக்குத் தூக்கமே வராது. வீடுன்னா உசுரு."

"திடீர்னு ஒரு சிக்கல் வந்தா, அவரா யோசிச்சு முடிவெடுப்பாரா?"

"சேச்சே. பெரியவுகளக் கேக்காம துரும்பக்கூட நகத்த மாட்டாப்ல. அம்புட்டு அடக்கம்."

ஒன்றைக்கூட விடாமல் மடக்கிவிட்டோம் என்று சங்கரலிங்கத்துக்குப் பெருமை தாங்கவில்லை. இனி மண்டபம் பார்க்க வேண்டியதுதான்.

வந்தவர் எழுந்து கைகூப்பினார்.

"இருங்க, ஒரு கலர் குடிச்சிட்டுப் போங்க. அவுக அப்பா அம்மாவும் தங்கமான ஆளுக. வீட்டைக் காட்டுறேன், வாங்க."

"வேண்டாங்க. அவங்க அப்பாவைப் பார்த்து ஒரு நல்ல சேதி சொல்லிட்டுப் போகலாம்னுதான் இருந்தேன். இனி அதுக்கு அவசியம் இல்லை."

சங்கரலிங்கத்துக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏங்க, நான் ஏதும் குறையாச் சொல்லலையே?"

"நீங்க உண்மையைத்தான் சொன்னீங்க. நான் கோகுலோட மேலதிகாரி. சின்ன நீர்மூழ்கியில ஆள் உட்கார்ந்து கடலோட அடிமட்டம் வரைக்கும் இறங்கி அந்தச் சேத்தை எடுக்கப் போறோம். என்னை அனுப்புங்கன்னு வருஷக்கணக்கா அவர் கெஞ்சினதால, அவர் பேரைத்தான் முடிவு பண்ணியிருந்தோம். நல்லவேளை, இறக்கி விடுறதுக்கு முன்னாடி உங்களைப் பார்த்தேன்."